தலைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள்: வன்னியில் மாணவர் செயற்றிட்டம் செய்வது எப்படி

வன்னிக் கிராமமொன்றில் செயற்றிட்டம் செய்ய வருகிற பல்கலைக்கழக மாணவர்களுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற விரிவுரையாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் கண்டாவளைப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடத்தில் படித்தவள். ஒவ்வொரு வருடமும் ஏதாவதொரு மாணவர் குழு கமநல சேவை நிலையத்துக்கு வந்து, "மிஸ், எங்களுக்கு ஒரு கிராமம் காட்டுங்கோ" என்று கேட்கும். அவர்கள் வருவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இங்கே தீர்க்க வேண்டிய பிரச்சினைகள் நிறைய. படிக்கிற பிள்ளைகளும் அறிவியல்நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்காமலே காலம் போவதுதான் எனக்குக் கவலை.

கிராமம் காட்டுவது சுகம். ஆனால் வருகிற குழுக்களில் பெரும்பாலானவை தலைப்பையும் கையோடு கொண்டு வருகின்றன. கேள்விக்கொத்தும் அச்சடித்து முடிந்திருக்கும். அந்த இடத்தில் நான் அவர்களை நிறுத்துவேன். முதல் மாதம் தலைப்பைத் திறந்தே வையுங்கள். கீழே நான் சொல்லப்போகிற மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

குழுவில் யார் யார்

விவசாய பீடத்தில் இருவர், பொறியியலில் இருவர், வணிகத்தில் ஒருவர் என்று சேர்த்து, ஆளுக்கொரு அத்தியாயம் எழுதி, கடைசியில் சேர்த்துக் கட்டினால் ஒரு அறிக்கை வரும். அது பல துறைகளின் அறிக்கை, அவ்வளவுதான். துறைகடந்த கற்றலுக்கு இன்னொன்று வேண்டும். பிரச்சினையோடு வாழ்கிறவர்கள், கேள்வி உருவாகும் நாளிலேயே குழுவுக்குள் இருக்க வேண்டும். என்னத்தை அளப்பது, எந்தப் பதில் பிரயோசனம், எந்தப் பதில் பிரயோசனமில்லை என்பதில் அவர்களுக்கும் வாக்கு இருக்க வேண்டும்.

செயற்றிட்டம் வழியாகப் படிப்பது உலகத்துக்குப் புதிதல்ல. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான் கற்பிக்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் மருத்துவ பீடம் 1969இலேயே நோயாளியின் பிரச்சினையிலிருந்து பாடத்தைத் தொடங்கியது. அங்கே என்ன செய்தார்கள் என்பதைப் படித்துப் பின்பற்றலாம். கமக்காரரை மாணவரோடு சமமாக உட்கார வைப்பதை மட்டும் இங்கே வந்துதான் பழக வேண்டும்.

வீதியில் காயும் நெல்லை எடுத்துக்கொள்வோம்

மாசி, பங்குனியில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 வீதியால் வந்தவர்களுக்குத் தெரியும். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று வீதியோரமெல்லாம் நெல். மோட்டார் சைக்கிள் சறுக்கும், நெல்லில் மண்ணும் சிறுகல்லும் சேரும், மாடு வாய் வைக்கும், இரவில் ஒருவர் காவல் கிடக்க வேண்டும். இதைப் பார்க்கிற மாணவருக்கு முதலில் தோன்றுவது உலர்த்தி. பொறியியல் பிள்ளைகள் அன்றைக்கே படம் கீறத் தொடங்கிவிடுவார்கள்.

படம் கீற முன் ஒரு கணக்குப் போடுங்கள். மெசின் வெட்டிய நெல் 22 சதவீத ஈரப்பதனோடு வருகிறது என்று வைப்போம். களஞ்சியத்தில் வைக்கவோ அரச கொள்முதலுக்குக் கொடுக்கவோ 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 1000 கிலோ ஈரநெல்லில் உலர்பொருள் 780 கிலோ. அதை 0.86ஆல் வகுத்தால் 907. ஆக, ஒரு தொன் நெல்லைக் காயவைத்தால் 93 கிலோ நீராகப் போய்விடும். காய்ந்த நெல்லின் விலை ஈரநெல்லின் விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால்தான் கமக்காரருக்குச் சரிக்குச் சரி. கூலி, படங்கு, காவல் எல்லாம் அதற்குப் பிறகு. "காயவைத்து விற்றால் லாபம்தானே" என்று சொல்ல நினைக்கிற மாணவர், இந்தக் கணக்கை ஒரு கமக்காரருக்கு முன்னால் இருந்து அவருடைய விலைகளைக் கேட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இடம். வெயிலில் காயவைக்க 2 முதல் 4 சென்ரிமீற்றர் தடிப்பில் பரவ வேண்டும். ஒரு கனமீற்றர் நெல் ஏறக்குறைய 575 கிலோ என்று எடுத்தால், 3 சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு தொன்னுக்கு 58 சதுர மீற்றர் வேண்டும். ஐந்து தொன்னுக்கு 290. வீதியோரமாக இரண்டு மீற்றர் அகலத்தில் பரவினால் 145 மீற்றர் நீளம். எத்தனை வீட்டு முற்றத்தில் இது அடங்கும்? வீதிக்கு ஏன் வருகிறார்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த எண்ணிலேயே இருக்கிறது. உலர்த்தி கட்டத்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் இன்னொன்றையும் கணிக்கலாம். அந்த 93 கிலோ நீரை ஆவியாக்க, வீணாகிற வெப்பத்தைச் சேர்க்காமலே 60 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. வெயில் அதைச் சும்மா தருகிறது.

பதிலின் மற்றப் பாதி கடனில் கிடக்கிறது. காலபோகம், அதாவது மழையை நம்பிய பெரிய போகம், தொடங்கும்போது வீட்டு நகை அடகுக்குப் போகும். உரமும் மருந்தும் கடையில் கடனாக வரும். அறுவடை முடிந்த கிழமையே காசு கேட்டு ஆட்கள் நிற்பார்கள். அதே நேரம் வயல்கரைக்கு லொறி வந்து ஈரநெல்லை நிறுத்து ஏற்றும். காயவைப்பதா, ஈரத்தோடு விற்பதா என்பதைப் பல வீடுகளில் வெயிலைவிட அடகுத் தவணைதான் தீர்மானிக்கிறது. இதைக் கண்டுபிடிக்க வணிக பீடப் பிள்ளை வேண்டும். ஆனால் ஒரு அம்மா தன் அடகுச் சிட்டையை எடுத்துக் காட்டுகிற அளவுக்கு நம்பிக்கை வராமல் அந்தப் பிள்ளையாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

விவசாய மாணவர் பார்க்க வேண்டியது வேறு. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற வயல்கள் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் விளைகின்றன. அறுவடை மெசின் கிடைக்கிற நாளில் வெட்டத்தான் வேண்டும், ஈரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விதைநெல் என்றால் மணியின் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது. தாண்டினால் முளைதிறன் போய்விடும். நடுப்பகல் தார் வீதி அதற்கு ஏற்ற இடமல்ல. பச்சையரிசிக்குப் போகிற நெல் அவசரமாகக் காய்ந்தால் மணியில் வெடிப்பு விழுந்து ஆலையில் குறுணி கூடும். ஆலைக்காரரிடம் ஒரு பின்னேரம் இருந்து கதைத்தால் பாடப்புத்தகத்தில் உள்ளதைவிட இதைப் பற்றிக் கூட அறியலாம். அவரையும் குழுவில் சேருங்கள், லொறிக்காரரையும் சேருங்கள். லொறிக்காரரை எதிரியாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார், ஏன் கழிக்கிறார், அவருக்கு ஆலையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு, "எப்படிப்பட்ட உலர்த்தி கட்டலாம்" என்று தொடங்கிய கேள்வி, "அறுவடை முடிந்து இரண்டு கிழமைக்கு ஒரு குடும்பம் கைக்காசுக்கு என்ன செய்யலாம்" என்று மாறலாம். அல்லது, "எல்லாருக்கும் பொதுவாக ஒரு சீமெந்துத் தளம் போட்டால் எந்த வரிசையில் யார் பாவிப்பது, யார் கூட்டித் துப்புரவாக்குவது" என்று மாறலாம். கேள்வி இப்படி மாறினால் செயற்றிட்டம் சரியான வழியில் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் முதல் மாதம் தலைப்பைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

பல்லும் மீற்றரும்

நான் எல்லாக் குழுக்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி இது. வீதியில் நெல் கிளறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்பார்கள். அந்தத் தீர்ப்பை எழுதிக்கொள்ளுங்கள்.

செய்முறை இதுதான். பரவியிருக்கிற நெல்லில் மேலும் கீழும், ஓரமும் நடுவுமாகக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்து, சின்னப் பைகளில் போடுங்கள். கடிக்கிறவர் முதலில் தன் தீர்ப்பைச் சொல்லட்டும். பையில் அதை எழுதிய பிறகுதான் ஈரப்பதமானியை எடுக்க வேண்டும். முதலில் மீற்றரைக் காட்டினால் அவர் மீற்றரோடு ஒத்துப்போகத்தான் பார்ப்பார். அப்புறம் அளந்த எண்ணை அங்கேயே அவருக்குக் காட்டுங்கள். ஒரு பையை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், அடுப்பில் உலர்த்தி நிறுத்து, மீற்றரும் சரியா என்று பாருங்கள். ஆட்டக்காரி நெல்லுக்கும் சம்பா நெல்லுக்கும் கடி ஒரே மாதிரி இராது என்று அவரே சொல்லுவார். அதையும் வேறாகப் பதியுங்கள்.

சில நாளில் மாணவருக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் ஒரு பொதுப் பேச்சு வந்துவிடும். அவர் 14 என்ற எண்ணைத் தன் பல்லோடு பொருத்திக்கொள்வார், லொறிக்காரர் ஒரு எண்ணைச் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்பார். மாணவர் தன் தரவில் எது பிழைக்கும் என்பதைக் கண்ணால் காண்பார். இந்தத் தீர்ப்புகளும் எண்களும் சேர்ந்த அட்டவணைக்கு இரண்டு பேரும் உரிமைக்காரர். அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். அவருடைய சம்மதம் கேட்டு, அவர் விரும்பினால் பெயரையும் போடுங்கள்.

கிராமத்துக்குள் போகும் முறை

முதலில் கிராம அலுவலரையும் கமக்காரர் அமைப்பின் தலைவரையும் பாருங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தை விட்டுவிட வேண்டாம். உங்களுக்கென்று தனிக் கூட்டம் கூட்டாமல், அவர்கள் எப்படியும் கூடுகிற மாதாந்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். அன்றைக்குக் கேள்விக்கொத்து வேண்டாம். நீங்கள் யார், எந்தப் பீடம், எவ்வளவு காலம் வருவீர்கள், என்ன திருப்பித் தருவீர்கள், எதைத் தர முடியாது என்று சொல்லுங்கள். இந்தக் கடைசி விசயம் முக்கியம். வீடு, காசு, கடன் எதுவும் உங்களால் தர ஏலாது என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

2009க்குப் பிறகு மீளக்குடியேறிய கிராமங்களில் சனம் எத்தனையோ படிவங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. இழப்பு, சொத்து, ஆட்கள் என்று ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள். அதனால் கேள்விகளை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதைக் கேட்காமல் செயற்றிட்டம் நடக்குமா என்று யோசியுங்கள். நடக்குமென்றால் வெட்டுங்கள். "கணவர் என்ன தொழில்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். கணவரை இழந்த, காணாமல் போனவரைத் தேடிக்கொண்டிருக்கிற எத்தனையோ பெண்கள் இங்கே தனியாக வயல் செய்கிறார்கள். "வீட்டில் யார் யார் இருக்கிறீங்கள்? வயல் வேலையை யார் பார்க்கிறது?" என்று கேட்டால் வேண்டிய தகவல் வந்துவிடும். காணி உறுதி, அனுமதிப்பத்திரம் பற்றிய கேள்வியும் அப்படித்தான். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அது இன்னும் புண். உங்கள் தலைப்புக்குத் தேவையென்றால் மட்டும், பழகிய பிறகு கேளுங்கள்.

படம் எடுக்க முன் கேளுங்கள். குரல் பதிய முன் கேளுங்கள். ஒருவருடைய வேலைநாள் உங்களால் போகுமென்றால் நாட்கூலியை வரவுசெலவிலேயே போட்டு வையுங்கள். பல்கலைக்கழகத்தின் நெறிமுறை அனுமதியையும் வீடு வீடாகப் போகத் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

மண் மாதிரி எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பற்றைக்காட்டுக்குள் தன்பாட்டில் இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. சிவப்பு எச்சரிக்கைப் பலகை இல்லாத இடமென்றாலும், குழி தோண்ட முன் கிராம அலுவலரிடமும் அந்தக் காணிக்காரரிடமும் கேட்டு, அவர்கள் நடக்கிற பாதையிலேயே நடவுங்கள்.

பல்கலைக்கழக நாட்காட்டியும் வயல் நாட்காட்டியும்

அரையாண்டு தொடங்குகிற நாளுக்கு நெல் விளைவதில்லை. செயற்றிட்டங்கள் கெட்டுப்போகிற பெரிய இடம் இது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை. காலபோக விதைப்பு புரட்டாதி, ஐப்பசியில். அறுவடை தை முதல் பங்குனி வரை. சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பி. இரணைமடுக் குளத்தின் கீழ் எவ்வளவு காணிக்குச் சிறுபோகம் என்பது குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டால் நீர்ப்பாசனம், உரிமை, சண்டை, சமாதானம் எல்லாவற்றையும் ஒரே பகலில் படிக்கலாம்.

வெட்டு நடக்கிற கிழமையில் நேர்காணல் கேட்டால் யாரும் தர மாட்டார்கள், ஆனால் கூட நின்று சாக்குப் பிடித்தால் எல்லாம் சொல்வார்கள். பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணையில் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளையில் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா. அந்த நாட்களில் வீடுகள் பூட்டிக் கிடக்கும். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ ஒட்டிய நாட்களில் கேள்வித்தாளோடு எந்த வீட்டுக்கும் போக வேண்டாம்.

விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு திறமைப்புள்ளிக்கு (கிரெடிட்) 50 மணிநேரக் கற்றல் வரும். நான்கு புள்ளிப் பாடமென்றால் ஒரு மாணவருக்கு 200 மணிநேரம். ஆறு பேர் குழுவில் 1200. இது ஒரு கிராமத்துக்கு மிகப் பெரிய உழைப்பு. அதை ஒரே அரையாண்டுக்குள் நெரிக்காமல் இரண்டு அரையாண்டுகளுக்கு விரித்தால் ஒரு முழுப் போகத்தைக் காணலாம். பாடத்திட்டம் இடம் கொடுக்காவிட்டால், முதல் அணி கேள்வியை உருவாக்கட்டும், அடுத்த அணி அறுவடைக்கு வரட்டும். புள்ளி போடும்போது, கேள்வி எப்படி மாறியது, யாருடைய பேச்சைக் கேட்டு மாறியது என்று மாணவர் எழுதிய குறிப்புக்கும் புள்ளி வையுங்கள். கமக்காரர் அமைப்பு சொல்கிற கருத்துக்கும் ஒரு பங்கு வையுங்கள். ஆங்கிலம் எவ்வளவு வடிவாக இருக்கிறது என்பதற்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

சிங்களம் பேசும் மாணவர்கள்

அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் தெற்கிலிருந்து வருகிற பிள்ளைகள் நிறைய. அவர்களைக் கிராமத்துக்குக் கூட்டிவரலாமா என்று தயங்கிக் கேட்பார்கள். கூட்டி வாருங்கள். ஆனால் பின்வரிசையில் வாய் பேசாமல் நிற்க விடாதீர்கள். நிறுப்பது, அளப்பது, படங்கு விரிப்பது என்று கையால் செய்கிற வேலையில் முதல் நாளே சேருங்கள். தமிழ் மாணவர் ஒருவரோடு சோடி சேர்த்து விடுங்கள். அந்தத் தமிழ் மாணவரை மொழிபெயர்ப்பாளராக மட்டும் தேய்த்துவிட வேண்டாம், அவருக்கும் படிக்க இருக்கிறது. வருவதற்கு முன் "வணக்கம் அம்மா", "காய்ஞ்சிட்டுதா", "எவ்வளவு நேரம்" என்று இருபது, முப்பது தமிழ் வசனம் பழகி வரட்டும். குருநாகலிலும் பொலன்னறுவையிலும் வயல் செய்கிற வீட்டிலிருந்து வந்த பிள்ளை, தன் ஊரில் நெல் எப்படிக் காயவைக்கிறார்கள் என்று போனில் படம் காட்டினால் இங்குள்ளவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஊருக்கு ஊர் நெல்லைப் பற்றிக் கதைப்பது கடினமில்லை.

திருப்பிக் கொடுப்பது

முடிவுகளை அடுத்த விதைப்புக்கு முன் கிராமத்தில் சொல்லுங்கள். பட்டமளிப்பு வரை காத்திருக்க வேண்டாம். கணினித் திரையில் ஓடும் படங்கள் தேவையில்லை. ஒரு பெரிய தாளில் தமிழில், பெரிய எழுத்தில்: ஈரநெல் என்ன விலைக்குப் போனது, காய்ந்தது என்ன விலைக்குப் போனது, 93 கிலோக் கணக்கு, எந்தக் கிழமையில் எத்தனை வீடு ஈரத்தோடு விற்றது. பெயர்கள் இல்லாமல். "எங்கள் கணக்கில் எது பிழை?" என்று அவர்களிடம் கேட்டு, சொல்லுகிற திருத்தங்களை அதே தாளில் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். திருத்திய தாளை அமைப்பின் கட்டிடத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள்.

ஏதாவது பொருள் விட்டுப்போவதென்றால், ஈரப்பதமானியோ படங்கோ, அது யார் பொறுப்பில் இருக்கும், பற்றரி யார் வாங்குவார், பழுதானால் எங்கே கொடுப்பது என்று கூட்டக் குறிப்பில் எழுதி ஒப்பம் வாங்குங்கள். தரவுக் கோப்பின் ஒரு பிரதி கமநல சேவை நிலையத்துக்கும் வேண்டும். அடுத்த வருடம் வருகிற குழுவுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான். பழைய குழு விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் அதே வீட்டில் அதே கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டி வராது.

இந்த வருடக் காலபோகத்துக்கு வர நினைக்கிறவர்கள் ஆவணி முடிய முன் வந்து கதையுங்கள். புரட்டாதி பிறந்தால் நானும் விதைநெல்லோடும் உரப் பட்டியலோடும் ஓடிக்கொண்டிருப்பேன். வரும்போது தலைப்பு இல்லாமல் வாருங்கள். ஒரு கொப்பி, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் போதும். வயலுக்குள் இறங்கக்கூடிய செருப்பும் போட்டுக்கொண்டு வாருங்கள்.